நானூற்றுப் பதின்மூன்றாவது பெயர்

கால்மோரா நாட்டில் காலையில் யாருடைய பெயர் வாசிக்கப்படவில்லையோ, அவர் அன்றைக்கு இல்லை. செத்துப்போனார் என்று அர்த்தமில்லை, ஊரை விட்டு ஓடிப்போனார் என்றும் இல்லை. இல்லை, அவ்வளவுதான். காலை எட்டு மணி அடித்ததும் ஊரில் உள்ள அத்தனை பேரும் இருந்த இடத்திலேயே முடிந்துபோவார்கள். எட்டேகாலுக்கு வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராக வாசிக்க வேண்டும். எங்கிருந்தோ பதில் வரும். பதிலுக்குப் பின்னாலேயே ஆளும் வந்து வாசிக்கிறவர் முன்னால் நிற்பார். பிறகு தன் வேலையைப் பார்க்கப் போவார்.

இதில் ஒரே ஒரு சிக்கல்தான். உள்ளூர்க்காரர் ஒருவரை வாசிக்க வைத்தால், எட்டேகாலுக்கு அவரே இருக்க மாட்டார். அதனால் வாசிக்கிறவர் எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாத வெளிநாட்டுக்காரராக இருக்க வேண்டும். சம்பளம் கொடுக்கலாமே என்றால், கொடுத்தால் சம்பளப் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும். எனவே அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு எப்போதும் தன்னார்வ ஆசிரியர்கள்தான் தேவைப்படுகிறார்கள்.

கோவில்பட்டி சங்கரவடிவு டீச்சர் அப்படித்தான் அங்கே போய்ச் சேர்ந்தாள். முப்பத்தொரு வருஷம் நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறுநாள் காலை எட்டேகாலுக்கு என்ன செய்வதென்று தெரியாமல், அடுக்களை டப்பாக்களை எல்லாம் இறக்கித் துடைத்துத் திரும்ப ஏற்றினாள். அதற்கு மறுநாளும் அதையே செய்தாள். ஒரு மாதம் பார்த்துவிட்டு, "ஏளா, டப்பா தேஞ்சிரும்" என்றார் கணவர் சிவசைலம். அன்று சாயந்திரமே விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

நேர்காணலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "சத்தமாக வாசிப்பீர்களா?"

ரோட்டோர வகுப்பறையில், லாரி ஹாரனுக்கு மேலே முப்பத்தொரு வருஷம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? வாசிப்பேன் என்றாள். ரெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம். அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. இன்னும் நாற்பது பிள்ளைகளாவது பின்னக் கணக்கைக் கண்டு பயப்படாமல் பெரியவர்களாக வேண்டும். பாடப் புத்தகத்தில் பின்னம் பதினான்காம் பக்கத்தில் இருந்தது.

பதினான்காம் பக்கத்துக்கு அவள் போகவே இல்லை.

முதல் மாதம் பதிவேட்டில் நாற்பத்து மூன்று பிள்ளைகள் மட்டும்தான். ஒவ்வொரு பெயரும் மூன்று முழம் இருக்கும். பிள்ளையின் பெயர், வீட்டின் பெயர், அந்த வீட்டு வாசல் பார்த்திருக்கும் திசை. அவசரத்தில் தெற்கை வடக்கு என்று வாசித்துவிட்டால் வேறு யாரோ வந்து நிற்பார்கள், அவரைச் சமாதானம் பண்ணி அனுப்ப வேண்டும். அப்படியும் ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும். பதில் சொல்ல அவர்கள் பாஷையில் ஒரு வார்த்தை இருந்தது, அது தும்மல் மாதிரி கேட்கும். அதை மாற்றி, "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லப் பழக்கிவிட்டாள்.

இரண்டாம் மாதம், பக்கத்துப் பள்ளியில் வாசித்துக்கொண்டிருந்த தன்னார்வலர் தொண்டை கட்டி ஊருக்குப் போனார். அவர் வாசித்த அறுபது பேரை இவள் பதிவேட்டில் ஏற்றினார்கள். பிறகு பிள்ளைகளின் பெற்றோர் வந்தார்கள். பிறகு தபால்காரர், ரொட்டிக் கடைக்காரர், நீதிபதி, மணியடிக்கிறவர். ஒன்றரை வருஷத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் ஆயின. எட்டேகாலுக்கு ஆரம்பித்தால் முடிக்கப் பன்னிரண்டே முக்கால் ஆகும். ஒரு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வாசிக்க வேண்டும். விடுமுறை அன்றைக்கு இல்லாமல் இருக்க யாருக்குத்தான் இஷ்டம்?

காலையில் அவள் நடந்துதான் போக வேண்டும், பஸ் டிரைவர் நூற்றுப் பதினேழாவது பெயர். பள்ளிக்கூடத்துச் சாவி அவள் இடுப்பிலேயே இருக்கும், காவலாளி இருநூறுக்கு மேலே. ரெண்டு வருஷத்தில் அவள் செய்த ஒரே முறைகேடு, சமையல்காரி பெஸ்ஸாவின் பெயரைத் தூக்கிப் பிள்ளைகளுக்கு முன்னால் முதலாவதாகப் போட்டதுதான். முதலில் பெஸ்ஸா வருவாள், வந்ததும் டீ போடுவாள், டீயைக் குடித்துக்கொண்டே மற்ற நானூற்றுப் பதினோரு பேரையும் கூப்பிடலாம். இதைக்கூடச் செய்யாவிட்டால் டீச்சரே ஒரு நாள் இல்லாமல் போயிருப்பாள்.

அவ்வளவு அசதி. காலில் அசதி, குரலில் அசதி. சி.எல். லீவு என்று ஒன்று எடுத்து எத்தனை வருஷம் ஆகிறது என்று நினைத்துப் பார்த்தால் அதுவும் நினைவில்லை. கோவில்பட்டியில் இருக்கும்போதும் மாச கடைசியில் மிச்சமான சி.எல்.லை எண்ணி எண்ணிப் பார்த்துவிட்டு எடுக்காமலே விட்டவள்தான். இங்கே அவள் ஒரு நாள் படுத்துவிட்டால் ஒரு ஊரே இல்லை.

மகள் பிரமநாயகிக்குக் கல்யாணம் நிச்சயமானது இந்த நிலைமையில்தான். ஆவணி பதினாலு, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணியில் இருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். ஒரே மகள். ஐந்தாம் வகுப்பில் அம்மாவிடமே படித்து, வீட்டில் அம்மா என்றும் பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்றும் கூப்பிட்டு வளர்ந்த பிள்ளை.

"நீ வந்துருவேல்லம்மா?" என்று பிரமு போனில் கேட்டாள்.

"வராம? பெத்தவ நான்" என்றாள் டீச்சர்.

சொல்லிவிட்டுத் தலைமையாசிரியர் தோர்வாலிடம் போனாள். அவர் நாற்பத்தைந்தாவது பெயர், நல்ல மனுஷர், எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டார்.

"தாராளமாகப் போய்விட்டு வாருங்கள்" என்றார். "உங்களுக்குப் பதில் ஆள் வந்ததும் போகலாம்."

பதில் ஆளுக்கு எழுதிப்போட வேண்டியவர் வட்டார அலுவலகத்துக் குமாஸ்தா. அவர் முந்நூற்று எண்பத்தெட்டாவது பெயர். டீச்சர் அவரை வாசித்து முடிக்கும்போது மணி பன்னிரண்டரை, அவர் அலுவலகத்துக்கு நடந்து போய்ச் சேரும்போது அலுவலகம் பூட்டியிருக்கும். ஆறு மாசமாக அவர் தினமும் நடந்து போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறார். அவரை மேலே ஏற்றினால் இன்னொருவரைக் கீழே இறக்க வேண்டும். ரொட்டிக் கடைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு நாளைக்கு மட்டும் அவரைக் கீழே தள்ளிக் குமாஸ்தாவை மேலே கொண்டுவந்தாள். அன்றைக்கு ஊரில் ரொட்டி இல்லை. கடிதம் போனது. பதிலும் வந்தது. புதிய தன்னார்வலர் ஆவணி பதினைந்து, சனிக்கிழமை காலை வந்து பொறுப்பேற்பார் என்று போட்டிருந்தது.

கல்யாணம் வெள்ளிக்கிழமை.

ஊருக்குப் போய்ச் சேர ரெண்டு நாள் ஆகும். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாள் வாசிக்க ஆள் இருக்காது. தொடர்ந்து மூன்று நாள் பதில் இல்லாத பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிட வேண்டும் என்பது விதி. அடித்த பெயரைத் திரும்பச் சேர்க்க வழியில்லை. சனிக்கிழமை வருகிறவர் முதல் வேலையாகச் சிவப்பு மை பாட்டிலைத் திறக்க வேண்டியதுதான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் முன்னே பின்னே இருந்திருந்தால் போயிருப்பாள். இந்த எரிச்சலில் ஒரு வாரம் யாருக்கும் வடக்கு தெற்கு சரியாக வாசிக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் மிராட்டா இல்லாமல் போனாள். பன்னிரண்டு வயசுப் பெண், முப்பத்தொன்பதாவது பெயர். கூப்பிட்டால் பதில் இல்லை. மறுநாளும் இல்லை. டீச்சர் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நாளைக்கும் இல்லையென்றால் சிவப்பு மை.

"உங்க ஊரில் ஒருத்தர் பதில் சொல்லலைன்னா என்ன செய்வீங்க டீச்சர்?" என்று ஓலுக்கா கேட்டாள். அவள் மிராட்டாவுக்குப் பக்கத்து நாற்காலி, நாற்பதாவது பெயர்.

"பக்கத்துல இருக்கிறவ குரலை மாத்தி உள்ளேன் டீச்சர்னு சொல்லிருவா. பிராக்ஸின்னு பேரு."

"பொய்யா?"

"பொய்தான்."

"அப்ப வராதவ வந்ததா ஆயிருமா?"

"பதிவேட்டுல வந்ததா ஆயிரும்."

கால்மோராவில் பதிவேட்டில் வருவதும் நேரில் வருவதும் ஒன்றுதான். பிள்ளைகள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். மறுநாள் டீச்சர் மிராட்டா என்று கூப்பிட்டதும் ஓலுக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "உள்ளேன் டீச்சர்" என்றாள். மிராட்டா வந்து நின்றாள். உடம்பில் போர்வை சுற்றியிருந்தது, கண் திறக்கவில்லை, முகத்தில் அப்படி ஒரு கோபம்.

"ஏன்ட்டி ரெண்டு நாளா பதில் சொல்லல? நான் கூப்பிட்டது கேக்கலையா?"

"கேட்டுது. எழுந்திருக்க மனசு வரல" என்றாள் மிராட்டா.

டீச்சர் அவளைத் திட்டவில்லை. போர்வையை வாங்கி மடித்து மேஜையில் வைத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள்.

விஷயம் தலைமையாசிரியர் காதுக்குப் போனது. அவர் விதிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒருவரை ஒரே நாளில் இரண்டு இடத்தில் வாசித்தால், பிந்தி வாசித்த இடத்தில் அவர் இருப்பார் என்பது ஒன்பதாம் விதி. இதுவரை அது யாருக்கும் பயன்பட்டதில்லை, ஏனென்றால் தூரத்தில் வாசிப்பது இங்கே இருக்கிறவர் காதில் விழாது, பதில் சொல்ல முடியாது. இப்போதுதான் பிராக்ஸி வந்துவிட்டதே.

"உங்கள் பெயரைக் கடைசியில் எழுதுவோம்" என்றார் தோர்வால். "நானூற்றுப் பதின்மூன்று. பதிவேட்டின் உண்மை நகலை உங்கள் வீட்டுக்காரருக்கு அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை நீங்கள் எங்களை எல்லாம் வாசித்து முடித்துவிடுங்கள். அதன் பிறகு அவர் கல்யாண மண்டபத்தில் உங்கள் பெயரை வாசிக்கட்டும். யாராவது ஒருவர் பதில் சொல்லட்டும். நீங்கள் அங்கே இருப்பீர்கள். சனிக்கிழமை புதியவர் எங்களைப் பார்த்துக்கொள்வார்."

"அதுக்குப் பெறகு? எம் பேரும் பதிவேட்டுல ஏறிட்டா நானும் எட்டு மணிக்கு முடிஞ்சுல்லா போவேன்?"

"ஒருமுறை வாசித்த பிறகுதான் விதி உங்களுக்குச் செல்லும். அப்புறம் உங்கள் வீட்டுக்காரர் தினமும் காலையில் ஒருமுறை உங்களைக் கூப்பிட்டால் போதும்."

"முப்பது வருஷமா அதைத்தான் செய்யுதாரு" என்றாள் டீச்சர்.

கடைசிப் பக்கம் மட்டும் அனுப்பினால் போதும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். ஒரு பக்கத்துக்கு உண்மை நகல் கொடுக்க விதியில்லை, முழுப் பதிவேட்டுக்குத்தான் கொடுக்கலாம் என்று தோர்வால் பதினேழு பக்கத்தையும் நகலெடுத்து, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தி அனுப்பினார். கணவர் சிவசைலத்தைப் பற்றி டீச்சருக்குத் தெரியும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் நகல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் பிள்ளையார் சுழியில் ஆரம்பித்து, அடியில் இருக்கும் அச்சகத்தின் பெயர் வரை வாசித்துவிட்டுத்தான் யாருக்குக் கல்யாணம் என்று கேட்பார்.

"கடைசிப் பக்கம், கடைசிப் பேரு" என்று போனில் சொன்னாள். "அது ஒண்ணை மட்டும் வாசிங்க. கேட்டுதா?"

"அதெல்லாம் பாத்துக்கிடுதேன்ளா. நான் வாசிக்காத பத்திரமா?"

வெள்ளிக்கிழமை டீச்சர் அரக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் பன்னிரண்டே முக்காலுக்குள் வாசித்து முடித்தாள். கால்மோராவில் மதியம் ஒரு மணி என்றால் கோவில்பட்டியில் காலை ஒன்பது. பிள்ளைகள் வீட்டுக்குப் போகவில்லை, டீச்சரை வழியனுப்ப உட்கார்ந்திருந்தார்கள். தோர்வால் ஒரு மாலை கொண்டுவந்திருந்தார். டீச்சர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மடியில் கை வைத்துக்கொண்டாள். ஒரு மணி அடித்தது. பெஸ்ஸா கடைசியாக ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

டம்ளர் பாதி நிறைந்தபோது பெஸ்ஸா கெட்டிலோடு இல்லாமல் போனாள்.

டீச்சர் டம்ளரைப் பார்த்தாள். முதல் பெஞ்சில் முதல் பிள்ளை இல்லை. பார்க்கப் பார்க்க இரண்டாவது பிள்ளையும் இல்லை.

"முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சுட்டாரு" என்றாள். "நெனச்சேன். பாவி மனுசன், நெனச்சேன்."

போன் பண்ணினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பட்டு வேட்டியும் துண்டுமாக நிற்கிறவர் சட்டையையும் போனையும் எங்கேயாவது ஆணியில் மாட்டியிருப்பார். பிள்ளைகள் வரிசையாக, பதிவேட்டு வரிசைப்படியே போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் அழவில்லை. போகிறவர்கள் பக்கத்தில் இருந்தவரிடம் பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பதில் சொல்ல மண்டபத்தில் யார் இருக்கிறார்கள் என்று டீச்சருக்கு விளங்கிவிட்டது. கோவில்பட்டிக்காரர்கள். ஒரு பெரிய மனுஷர் மைக்கில் பெயர் வாசிக்கிறார், யாரும் பதில் சொல்லவில்லை, பாவம் என்று மொத்தச் சொந்தக்காரர்களும் மரியாதைக்கு உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா என்று குரல் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

"பத்து நிமிஷம் ஆச்சு டீச்சர்" என்றாள் மிராட்டா. மிச்சம் இருந்த ஆறு பிள்ளைகளில் அவள் ஒருத்தி. "முப்பத்தெட்டு பேர் போயாச்சு."

"நானூத்திப் பதிமூணுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? போடு."

மிராட்டா கரும்பலகைக்குப் போனாள். நிமிஷத்துக்கு மூன்று பேரும், பத்தில் எட்டு பங்கு ஆளும். எட்டு பங்கு ஆள் என்றால் என்ன என்று அவள் கேட்கவில்லை, போட்டாள். ரெண்டு வருஷத்தில் அந்த வகுப்பில் போட்ட முதல் பின்னக் கணக்கு அதுதான். டீச்சருக்கு அந்த நேரத்திலும் நெஞ்சு நிறைந்தது.

"நூத்தி எட்டே முக்கால் நிமிஷம் டீச்சர். முகூர்த்தம் தொண்ணூறு நிமிஷம். நீங்க போறதுக்குள்ள தாலி கட்டி முடிச்சிருப்பாங்க" என்றாள் மிராட்டா. அடுத்த நிமிஷம் சாக்பீஸோடு அவளும் இல்லை. ஓலுக்கா இல்லை. நாலு பெயர் தள்ளித் தோர்வால் மாலையோடு இல்லை.

டீச்சர் தனியாக உட்கார்ந்திருந்தாள். ரெண்டு வருஷமாக ஒரு ஊரையே தினமும் கூப்பிட்டுக் கூப்பிட்டு உண்டாக்கியவளுக்கு, பெற்ற மகள் கல்யாணத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கேட்பதற்கு யாரும் இல்லாததால் கொஞ்ச நேரத்தில் முந்தானையை எடுத்துவிட்டே அழுதாள்.

அழுது முடித்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது தெருவில் ஏதோ வித்தியாசமாக இருந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போகவில்லை, கொத்துக் கொத்தாகப் போனார்கள். ரொட்டிக் கடைக் க்யூ மொத்தமாகப் போனது. நீதிமன்றம் ஒரே மூச்சில் காலியானது. என்ன நடந்தது என்பது அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. மிராட்டா மண்டபத்தில் போய் நின்றதும் ஓலுக்காவையும் மற்றப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு மைக்குக்குக் கீழே வரிசையாக நின்றுவிட்டாள். ரெண்டு வருஷம் தினமும் கேட்டதில் பதிவேட்டு வரிசை முழுவதும் அவர்களுக்கு மனப்பாடம். சிவசைலம் ஒவ்வொரு பெயரின் முதல் எழுத்தைச் சொல்லும்போதே உள்ளேன் டீச்சர் என்று சொல்லி அடுத்த பெயருக்கு அவரைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுப் பெயரையும் திசையையும் வாசிக்க விடவே இல்லை.

ரெண்டு இருபதுக்கு ஊரில் சத்தமே இல்லை. டீச்சர் ஜன்னல்களைச் சாத்தினாள். கரும்பலகையை அழிக்கப் போய், மிராட்டா போட்ட கணக்கைப் பார்த்துவிட்டு அழிக்காமல் விட்டாள். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வராந்தாவில் நின்றாள். பாதி டம்ளர் டீயைக் கையில் எடுத்து வந்திருந்தாள். மணி ரெண்டு இருபத்தேழு.

பிறகு அவள் கோவில்பட்டியில், மணவறைக்கு நேர் எதிரே, டம்ளரோடு நின்றாள்.

அவள் பெயருக்குப் பதில் சொன்னது பிரமு. மணவறையில் குனிந்த தலை குனிந்தபடி, கல்யாணப் பெண்ணுக்கு உண்டான குரலில் இல்லாமல், ஐந்தாம் வகுப்புக் குரலில் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு முன்னால் அரைமணி நேரமாக, "இருங்க, இன்னும் ரெண்டு பக்கம்தான், இருங்க" என்று மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். தாலியைப் பிடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்குக் கை கடுத்துவிட்டது, அவர் சித்தப்பா ஒருவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தார். மண்டபத்தில் பத்து இருபத்தெட்டு. டீச்சர் டம்ளரை யாரிடமோ கொடுத்துவிட்டு அட்சதையை அள்ளினாள். கெட்டிமேளம் கொட்டியது. முதல் முடிச்சு, ரெண்டாவது, மூன்றாவது. மூன்றையும் பார்த்தாள்.

சிவசைலம் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"கடைசிப் பேரை மட்டும்ல வாசிக்கச் சொன்னேன்?"

"எந்தப் பத்திரத்தை ஏளா கடைசியில இருந்து வாசிக்க? செல்லாதுல்லா" என்றார் அவர்.

பந்தியில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் கூடுதல். சாம்பாரில் தண்ணீர் ஊற்றினார்கள், ரசத்திலும் ஊற்றினார்கள். பெஸ்ஸா கெட்டிலோடு சமையல் கட்டுக்குப் போய் உதவிக்கு நின்றுகொண்டாள். சனிக்கிழமை கால்மோராவுக்குப் புதிய தன்னார்வலர் வந்து சேர்ந்தார். பூட்டியிருந்த பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு, கதவிடுக்கில் ஒரு கடிதம் செருகிவிட்டுப் போய்விட்டார் என்று பிற்பாடு தெரிந்தது. சாவி டீச்சர் இடுப்பில் இருந்தது. எந்த ஊரில் வாசிக்கிறார்களோ அந்த ஊர்க் கடிகாரம்தான் பதிவேட்டுக்கு. சனிக்கிழமை காலை கோவில்பட்டியில் எட்டு மணி அடித்ததும் மண்டபத்தில் படுத்திருந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரும் முடிந்துபோனார்கள். மணமகள் அறையில் ஜமக்காளத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்த டீச்சரும் முடிந்துபோனாள்.

எட்டேகாலுக்குச் சிவசைலம் மைக் முன்னால் நின்று முதல் பக்கத்தில் இருந்து வாசித்தார். ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாகச் சங்கரவடிவு என்று வாசித்தார். பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை வாசித்தார். பதிவேட்டில் கட்டம் காலியாக இருந்தது. "அசந்து தூங்குதா போல" என்று சொல்லிவிட்டு மூடி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமையும் பதில் இல்லை.

திங்கட்கிழமை தோர்வால் சிவப்பு மை பாட்டிலை மேஜையில் கொண்டுவந்து வைத்தார். விதி என்றால் விதிதான், ஆனால் மூடியை அவர் திறக்கவில்லை. மறுவீட்டுக்கு வந்திருந்த பிரமு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிவசைலம் நானூற்றுப் பதின்மூன்றாவது பெயரை வாசித்தார். மண்டபத்தில் ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது. மிராட்டா மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ளேன் டீச்சர்."

சங்கரவடிவு டீச்சர் வந்து நின்றாள். உடம்பில் ஜமக்காளம் சுற்றியிருந்தது. கொண்டை அவிழ்ந்து கிடந்தது, கண் திறக்கவில்லை, முகத்தில் அப்படி ஒரு கோபம்.

"யாருட்டி பிராக்ஸி குடுத்தது?"

நாற்பத்து மூன்று பிள்ளைகளும் ஃபேனைப் பார்த்தார்கள்.

"ஏளா, ரெண்டு நாளா கூப்பிடுதேன், காதுல விழலையா?" என்றார் சிவசைலம். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"விழுந்துது" என்றாள் டீச்சர். "எந்திரிக்க மனசு வரல."

மிராட்டா போய் ஜமக்காளத்தை வாங்கி மடித்து ஒரு நாற்காலியில் வைத்தாள். டீச்சர் கொண்டையை முடிந்துகொண்டு மணி என்ன என்று கேட்டாள். ஒன்பதே முக்கால் என்றார்கள். வாசிக்கிற வேலையை வேறு ஒருவர் செய்துவிட்டதால் முழுப் பகலும் மிச்சம் கிடந்தது. மணமக்கள் பெயர் எழுதிய பலகையைத் திருப்பிச் சுவரில் சாய்க்கச் சொன்னாள். சாக்பீஸ் எங்கே என்றாள். புத்தகத்தில் பதினான்காம் பக்கத்தை எடுக்கச் சொன்னாள்.

பாடம் நடந்துகொண்டிருக்கும்போது, பின்னால் சிவசைலத்தின் மேஜைக்கு முன்னால் ஒருவர் வந்து நின்றார். மாப்பிள்ளையின் அம்மா ஆவுடையம்மாள். கல்யாணச் சேலையைக்கூட இன்னும் மாற்றவில்லை. கையில் கரண்டிச் சூடு பட்ட தழும்பு இருந்தது.

"அண்ணாச்சி, எம் பேரையும் அந்த நோட்டுல சேத்துக்கிடுங்க."

"உங்க பேரா மதினி? எதுக்கு?"

"முப்பத்திரண்டு வருஷமா ஒரு நா கூட நான் இல்லாம இருந்ததில்ல" என்றார் ஆவுடையம்மாள். "ரெண்டு நாள் போதும். மூணாம் நா யாரையாவது விட்டுப் பதில் சொல்லச் சொல்லுங்க, வந்திருதேன்."

சிவசைலம் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நானூற்றுப் பதினான்கு என்று எண் போட்டு, பெயரை எழுதி, வீட்டு வாசல் எந்தத் திசை என்று கேட்டார். கிழக்கு என்றார் ஆவுடையம்மாள். அவருக்குப் பின்னால், பந்திப் பாத்திரம் கழுவின ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வாசல் வரைக்கும் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள்.